இடப்பக்கத்தில் நூறு லிட்டர்

காலை ஆறரை மணிக்குப் பெரம்பலூரிலிருந்து வண்டியை எடுத்தேன். மலைப்பக்கம் போகும் கோடைப் பயணம் இன்னும் தொடங்கவில்லை. அதற்கு வண்டியைத் தயார் செய்வதற்கான பயணம் இது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் அது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, சிறிய பிரிட்ஜ், இரண்டு பேட்டரி, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்து, நானும் தனபாலும் சேர்ந்து அதை வீடாக்கினோம். ஒரே நாளிதழில், எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி திருத்தியவர்கள் நாங்கள். மார்கழியில் ராமேஸ்வரம் போய் வந்தோம். தையில் அவன் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டான். "வண்டி ரெடியாகட்டும்யா, கோடைக்கு வரேனா இல்லையான்னு அப்பச் சொல்லிடறேன்" என்று சொல்லியிருந்தான்.

நானும் அவசரப்படவில்லை. கூரை ஓரத்தில் விரிசல் விட்ட சிலிகானைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினேன். கேஸ் டியூப் மாற்றினேன். ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தேன். கடைசியில் ஒரே ஒரு குறை மிஞ்சியது. வண்டி வலப்பக்கம் இழுத்தது. டவுனில் வீல் அலைன்மெண்ட் பார்த்தவர், "அதெல்லாம் சரியா இருக்குங்க. பாரந்தான் ஒரு பக்கமா இருக்கு. எடை போட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கான எடைமேடை ஒன்று இருக்கிறது. கட்டணம் அறுபது ரூபாய். எனக்கு முன்னால் நான்கு லாரிகள் நின்றன. சாலையோரப் புளியமரங்களின் இலைகூட வெள்ளையாக இருந்தது. கூண்டுக்குள்ளிருந்த பெண் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"எத்தனை பேரு போவீங்களோ அத்தனை பேரும் ஏறி உக்காந்துக்குங்க. அப்பத்தான் கணக்கு சரியா வரும்."

"நான் ஒருத்தன்தாங்க."

"இத்தாம் பெரிய வண்டியிலயா?" என்றவர் பித்தானை அழுத்தினார்.

முதலில் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினேன்: 1,750 கிலோ. பிறகு வலப்பக்கம்: 1,960.

அங்கிருந்து குன்னம், வேப்பூர் வழியாக லப்பைக்குடிக்காடு. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஜப்பார் பாயின் பட்டறை ஆற்றுப் பக்கம் இருக்கிறது. ஷார்ஜாவில் பதினெட்டு வருடம், பாலைவனத்துக்குப் போகும் கேரவன்களைக் கட்டியவர். நாங்கள் திட்டம் போட, எங்கள் வண்டியையும் அவர்தான் கட்டினார். எடைச்சீட்டைப் பார்த்துவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"தப்பு என்னுதுதான் சார். அங்க டிரைவர் இடது பக்கம் உக்காருவான். அதனால கனத்தையெல்லாம் வலது பக்கம் வைப்போம். கை அதே பழக்கத்துல வச்சிடுச்சு. நம்மூர்ல டிரைவரும் வலது, பேட்டரியும் வலது, தொட்டியும் வலது."

"மார்கழியில நல்லாத்தானே ஓடிச்சு?"

"தனபால் சார் இருந்தாருல்ல. அவரும் அவரோட புத்தகப் பொட்டியும் இடது பக்கம். மாஷா அல்லாஹ், அவரு உடம்பே ஒரு தொட்டிக்குச் சமம்."

வழி எளியது என்றார். தொட்டியை இடப்பக்கம் மாற்ற வேண்டும். வேறு இடம் கிடையாது என்பதால், தனபாலின் படுக்கைச் சட்டத்தை அறுத்தெடுக்க வேண்டும்.

"அவரு வர்றாருன்னா ஒண்ணும் செய்ய வேணாம், வண்டி தானா நிமிந்துக்கும். வரலேன்னா வெட்டியாகணும். இப்படியே மலை ஏறுனீங்கன்னா வலது பக்க ஸ்பிரிங் உடைஞ்சிடும். கேட்டுச் சொல்லுங்க. நோன்பு தொறந்துட்டு வந்து கை வைக்கிறேன்."

ரமலான் மாதம். ஊரே தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும்போது தெருவில் நின்று சாப்பிட மனம் வரவில்லை. வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டேன். பிறகு நடந்தேன். புதிதாகப் பெயிண்ட் அடித்த மூன்று மாடி வீடுகள். பலவற்றில் வாசல் கேட்டுக்குப் பூட்டு. வீட்டுக்காரர்கள் வளைகுடாவில். ஒரு மாடியில் துணி காய்ந்தது. அடுத்த நான்கு வீடுகளில் கொடி மட்டும் இருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்ன சற்று நேரத்தில் ஜப்பார் பாய் வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியும் இரண்டு வடையும் வந்தன. அதை முடித்துவிட்டுத் தனபாலை அழைத்தேன். அவனுக்குக் காலை நேரம்.

"சொல்லுய்யா. பேத்தியை ஸ்கூல்ல விட்டுட்டு வரேன். பனி இன்னும் கெடக்கு."

வருகிறாயா என்று கேட்கத்தான் அழைத்தேன். எடையைச் சொன்னேன், பாயின் தவறைச் சொன்னேன். அவன் சத்தமாகச் சிரித்தான். தொட்டியை இடப்பக்கம் மாற்றச் சொல்கிறார் என்றேன்.

சிரிப்பு நின்றது. 

"தொட்டி எத்தனை லிட்டரு?"

"நூறு."

"நான் இப்ப எண்பத்தெட்டு கிலோதான்யா. இங்க வந்து இளைச்சிட்டேன்." பிறகு, "வெட்டச் சொல்லு. மலையில ஸ்பிரிங் உடைஞ்சா தனியா என்ன பண்ணுவே?" என்றான்.

சட்டம் நான்கு இடத்தில் அறுபட்டது. மெத்தையை என்ன செய்வதென்று பாய் கேட்டார். பட்டறையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். குழாயை இணைத்து, கசிவு பார்த்து, தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்.

"தண்ணி கொறையக் கொறைய மறுபடி வலது பக்கம் இழுக்கும் சார். காலையில நிரப்பிட்டுக் கிளம்புங்க."

மறுநாள் காலை அங்கிருந்தே கோடைப் பயணத்தைத் தொடங்கிவிட்டேன். அரியலூர் தாண்டி, பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே கீழப்பழுவூரில் முதல் தங்கல். கோயில்களைப் பார்த்தேன். சமைத்தேன், குளித்தேன், பாத்திரம் கழுவினேன். பேசவேண்டிய அவசியம் எங்கும் வரவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் பார்த்தால் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. எதிர்வீட்டு அம்மாளிடம் தண்ணீர் கேட்டேன். ஹோஸை நீட்டிவிட்டு, தொட்டி நிரம்புகிற வரை இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஒத்தாளாத்தானே வந்திருக்கீங்க, இவ்ளோ தண்ணி எதுக்குங்க?"

"கொறைஞ்சா வண்டி சாயுதுங்க."

அவர் குனிந்து வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். "நேராத்தானே நிக்குது" என்றார்.

பெரம்பலூர் வீட்டில் நான் ஒரே அறையில்தான் புழங்குகிறேன். மற்ற இரண்டும் சாத்திக் கிடக்கின்றன. அந்த வீடு எந்தப் பக்கமும் சாய்ந்ததில்லை. இந்த வண்டிக்கு அப்படி முடியாது. தினமும் காலையில், எந்த ஊராக இருந்தாலும், ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டாக வேண்டும்.