மூலம் என்று கையெழுத்திட்ட பதினொரு பாட்டுகள்

மூலப் பதிவேடு எக்காரணம் கொண்டும் காப்பறையை விட்டு வெளியே போகக் கூடாது. கேட்டு வருபவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சான்றிட்ட நகல் மட்டுமே. இதுதான் விதி. பதிவறைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற நாள் வரை நான் இதைத் தளர்த்தியதில்லை. பொன்னமராவதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று அழுதவர்களுக்கும் தளர்த்தியதில்லை. என் மனைவி ஒரே ஒரு முறை மீறினாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

ஓய்வுக்குப் பிறகு மற்றவர்கள் நடைப்பயிற்சிக்குப் போனார்கள். நான் பாட்டுகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். வீட்டில் இருந்த கேசட்டுகளையும் சிடிகளையும் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினேன். ஹார்ட் டிஸ்கில் இரண்டே இரண்டு கோப்புறைகள். ஒன்றின் பெயர் மூலம். அதில் ஒலி ஒரு துளியும் குறையாமல் ஃபிளாக் வடிவத்தில் இருக்கும், இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்னொன்றின் பெயர் நகல். அது எம்.பி.3. காது கவனிக்காது என்று மென்பொருள் கருதுவதையெல்லாம் கழித்துவிட்டுச் சுருக்கியது. மூலம் அலமாரிக்கு, நகல் காருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் வரிசை எண், ஏற்றிய நாள், சரிபார்த்ததற்கு என் சுருக்கொப்பம். இதற்கென்று நீளவாக்கில் கோடு போட்ட பதிவேடு ஒன்று வாங்கியிருந்தேன்.

"பாட்டுக்குமா பட்டா போடுறீங்க?" என்றாள் மனைவி.

அவள் கணக்கு டீச்சர். கறம்பக்குடிப் பக்கம் பிறந்தவள். மேடையில் பாடியவள் அல்ல. பள்ளிக்கூடத்து இறைவணக்கத்துக்குப் பாடுவாள், கோயிலில் முளைப்பாரி எடுக்கும்போது கும்மியில் முன்பாட்டு எடுப்பாள், மற்றபடி விடைத்தாள் திருத்தும்போது தன்னையறியாமல் பாடுவாள். பாட்டு நின்றுவிட்டால் எவனோ கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

கைக்கு அடக்கமான ரெக்கார்டர் ஒன்று வாங்கி, பின்னறை ஜன்னல்களில் மெத்தையைச் சாய்த்து வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்தேன். பதினொரு பாட்டு. அவள் மடியில் கையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடுகிறவள். கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

"வளையலக் கழட்டிரு. சத்தம் விழுது."

"கழட்டுனா பாட்டு வராதுங்க. வேணும்னா வளையலுக்கும் ஒரு நம்பர் போட்டுக்கங்க."

வளையலோடுதான் பதிவானது. எரிச்சலாக இருந்தது. பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் 'வளையல் ஒலி உள்ளது' என்று எழுதினேன்.

அந்த மாதம் அவள் தம்பி குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவன் குவைத்துக்குத் திரும்பும் நாளில் எங்கள் வீட்டில் எப்போதும் கொஞ்சம் அழுகை இருக்கும். அவன் போன மறுநாள் ரெக்கார்டரைத் திறந்தேன். மெமரி கார்டைக் காணோம்.

"தம்பிட்ட குடுத்து விட்டேன். அங்கிட்டு ஒத்தையாக் கெடக்கான், கேக்கட்டும்."

"அது மூலம். வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? எம்.பி.3 போட்டுக் குடுத்திருப்பேன்ல?"

"எம் பாட்ட எந் தம்பிக்குக் குடுக்க ஒங்ககிட்ட நான் மனு எழுதணுமாக்கும்? ஒங்க ரூல ஒங்க ஆபீசுலயே விட்டுட்டு வந்திருக்கணும்."

கார்டில் இருந்ததை ஏற்கெனவே மூலம் கோப்புறைக்கு மாற்றியிருந்தேன். அதனால் நிம்மதிதான். இருந்தாலும் எழுதி வைத்தேன்: 'கார்டு எண் ஒன்று. அனுமதியின்றி வெளியே சென்றது.' அதைப் படித்துவிட்டு அவள் நெடுநேரம் சிரித்தாள்.

ஒரு வருடம் போயிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு என்பது சரிபார்ப்பு நாள். அன்று மட்டும் ஹார்ட் டிஸ்கையும், பாதுகாப்புக்கு அதே கோப்புறைகளைப் போட்டு வைத்திருந்த இரண்டாவது டிஸ்கையும் ஒன்றாகக் கணினியில் மாட்டி ஒப்பிட வேண்டும் என்பது நானே வகுத்த நடைமுறை. கோடை மழைக்கு முன்னால் ஒரு இடி இறங்கியது. மாட்டியிருந்த இரண்டும் போயின. நடைமுறையைக் கொஞ்சம் குறைவாக மதித்திருந்தால் ஒன்று பிழைத்திருக்கும்.

சிடிகள் இருந்தன, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அவளுடைய பதினொரு பாட்டு மட்டும் கார் பென்டிரைவில் நகலாக மிஞ்சியிருந்தது. எஞ்சின் இரைச்சலில் யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று இருப்பதிலேயே சிறிய அளவுக்குச் சுருக்கிய நகல்.

அலுவலகத்தில் கோப்பு அழிந்தால் அதற்கும் வழி உண்டு. இருக்கிற சான்றிட்ட நகல்களை வைத்துக் கோப்பை மறுபடி கட்டுவோம். அதிகாரி கையெழுத்திட்டால் அன்றிலிருந்து அதுவே மூலம். இப்படி எத்தனையோ கோப்புகளை உயிர்ப்பித்திருக்கிறேன். அதே வழியில், பென்டிரைவில் இருந்த எம்.பி.3 பாட்டுகளை ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றச் சொல்லிக் கணினிக்கு ஆணையிட்டேன். அது ஆட்சேபம் எழுப்பவில்லை. பழைய மூலத்தைப் போலவே பெரிய பெரிய கோப்புகளாக வந்து விழுந்தன. புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்கில் மூலம் கோப்புறை திறந்து அதற்குள் போட்டேன். பதிவேட்டில் 'மறுகட்டமைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள், கையில் காபி டம்ளரோடு.

"தம்பிட்ட கார்டு இருக்குமே. கேப்பமா?"

"காவல விட்டு வெளிய போன மூலத்துக்கு மதிப்புக் கெடையாது."

"அப்ப நான் வேணும்னா இன்னொருக்காப் பாடவா? இன்னைக்கு வேலையும் இல்ல."

"தேவையில்ல. ரெக்கார்டு சரியாயிருச்சு."

"ஒங்களுக்குச் சரின்னாச் சரி" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். இந்த உரையாடலை நான் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. ஆனால் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அவள் இறந்தாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு, ஒரு காலை நேரத்தில். தம்பி குவைத்திலிருந்து போன் செய்தான். டிக்கெட் கிடைத்துவிட்டது, மறுநாள் விடிய திருச்சியில் இறங்குகிறான், ஒன்பது மணிக்குள் வீட்டில் இருப்பான்.

எங்கள் பக்கம் பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான். ஐஸ் பெட்டி வந்திருந்தது. ஒரு இரவு தாங்கும். கூடியிருந்தவர்கள் எல்லோரும் காத்திருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். நான்தான் அன்று மாலையே எடுத்துவிடச் சொன்னேன். விமானத்தை நம்ப முடியாது, மழை வருகிறது, நேரத்தோடு முடிப்பதுதான் முறை என்று மூன்று காரணங்களை வரிசையாக அடுக்கினேன். காரணம் அடுக்குவதில் எனக்குப் பயிற்சி உண்டு. எவனோ தூரத்துப் பங்காளி ஒருவன் தம்பி சார்பில் கோடி போட்டான். மழை வரவில்லை.

மறுநாள் எட்டரைக்கே தம்பி வந்துவிட்டான். கையில் சேலைப் பை. வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றவில்லை.

"ஒரு ராத்திரி பொறுக்க முடியலையா அத்தான் ஒங்களுக்கு? ஆபீசுல எத்தனை பேரு பைல எத்தனை வருசம் நிப்பாட்டி வச்சிருப்பீங்க? எங்கக்காவ ஒரு ராத்திரி நிப்பாட்டி வைக்கத் தெரியலையா?"

"மாப்ள, பிளைட்டு லேட்டானா..."

"லேட்டாகல அத்தான்."

சுடுகாட்டுக்குத் தனியாகப் போய், ஆறாத சாம்பலுக்குப் பக்கத்தில் அந்தச் சேலையை விரித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கருமாதி வரைக்கும் இருக்கவும் இல்லை.

கருமாதியன்று படத்திறப்பு. அவள் குரலையே போடலாம் என்று மூலம் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். மைக்செட்காரர் என் வயதுக்காரர், ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவருடைய பெட்டிகள்தான். காலையில் சோதித்துப் பார்க்கும்போது முகத்தைச் சுளித்தார்.

"சார், இது எம்.பி.3தானே? பெரிய பெட்டியில தகரம் மாதிரி கேக்குது."

"ஃபிளாக். மூலம். நானே ஏத்துனது."

"பேரு அப்படித்தான் சார் இருக்கு."

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். பாட்டைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருள். கனத்த சத்தங்கள் அடியில், கூரான சத்தங்கள் மேலே. அவள் பாட்டின் படத்தில் அடிப்பகுதி மட்டும் இருந்தது. மேலே அரிவாளால் சீவியதுபோல் ஒரே மட்டமாக வெட்டு. அதற்கு மேல் வெறும் கறுப்பு.

"சுருக்கும்போது போனது போனதுதான் சார். அப்புறம் எவ்வளவு பெரிய டப்பாவுல போட்டாலும் டப்பாதான் பெருசாகும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சத்தத்தக் கொறச்சு வச்சா ஒண்ணும் தெரியாது" என்றார்.

சத்தத்தைக் குறைத்து வைத்தோம். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அதன் பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. வளையல் இருந்த இடத்தில் மணலைச் சல்லடையில் ஆட்டுவதுபோல் ஒரு இரைச்சல். அடிக்கு அடி அவள் மூச்சிழுக்கும் இடங்கள் பாதியில் அறுந்திருந்தன. 'வளையல் ஒலி உள்ளது' என்று பதிவேடு சொன்னது. பதிவேட்டில்தான் இருந்தது.

ஆக, உலகத்தில் அவள் குரல் முழுதாக இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அனுமதியின்றி வெளியே சென்ற கார்டு எண் ஒன்று. அது இருப்பதோ என்னோடு பேசாத ஒருவனிடம்.

வாட்ஸ்அப்பில் எழுதினேன். எனக்குத் தெரிந்த விதத்தில்தான் எழுதினேன். பொருள், மெமரி கார்டில் உள்ள பாடல்களின் பிரதி கோருதல். பார்வை, இன்ன மாதம் தங்கள் சகோதரி தங்களிடம் ஒப்படைத்தது. அவன் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. பதினைந்து நாள் கழித்து முதல் நினைவூட்டு. நீலக் கோடுகள். இன்னும் பதினைந்து நாளில் இரண்டாவது. மூன்றாவதை எழுதும்போது 'இதுவரை பதில் வரப்பெறவில்லை என்பது வருத்தத்துடன் சுட்டிக்காட்டப்படுகிறது' என்று முடித்தேன். எழுதி அனுப்பிய பிறகுதான் அதைப் படித்துப் பார்த்தேன். அந்த வருத்தம் யாருடையது என்று வாக்கியத்தில் எங்கும் இல்லை.

நினைவூட்டுகளுக்கும் அசையாதவருக்கு நேர்முகக் கடிதம் எழுத வேண்டும் என்பது அலுவலக முறை. பதவியை விட்டுவிட்டு, பெயருக்குப் பெயர், ஆளுக்கு ஆள் எழுதுவது. பணியில் இருந்தபோது நூற்றுக்கணக்கில் தயாரித்திருக்கிறேன். எல்லாம் மேலதிகாரியின் பெயரில். என் பெயரில் ஒன்றுகூட எழுதியதில்லை என்பது தாளை எடுத்து வைத்தபோதுதான் உறைத்தது.

கையால் எழுதினேன். பொருளும் பார்வையும் போடவில்லை.

'மாப்ள, அன்றைக்கு விமானம் காரணமில்லை. மழையும் காரணமில்லை. நீ நேரத்துக்கு வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடி மூடி வழியாக அவள் முகத்தை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு முறை என்று சொன்னேன். உன் கையால் அவள் வாங்கிக்கொள்ள வேண்டியதை நான் தடுத்துவிட்டேன். இன்னொன்று. அவள் பாட்டை நான் தொலைத்துவிட்டேன். தொலைத்த அன்றைக்கு அவள் உயிரோடு இருந்தாள். திரும்பப் பாடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். உன்னிடம் இருக்கும் கார்டில்தான் அவள் வளையல் சத்தம் இருக்கிறது. தர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருக்கிறதா என்று மட்டும் சொல்.'

அதைப் படம் பிடித்து அனுப்பினேன். நீலக் கோடுகள் விழ நான்கு நாள் ஆனது. அதன் பிறகு அடுத்த நினைவூட்டை அனுப்பவில்லை. தீபாவளி போனது, பொங்கல் போனது, சித்திரையும் வைகாசியும் போயின. ஆனியில் அவள் முதல் வருடத் திதி வந்தது. படத்துக்கு முன்னால் பாட்டுப் போடச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். கோப்புறையின் பெயரை மாற்றினேன். மூலம் என்பதை எடுத்துவிட்டு, நகலின் நகல் என்று போட்டேன். பதிவேட்டில் என் பழைய கையெழுத்தின் மேல் கோடு இழுத்துப் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன். அடித்தல் திருத்தலுக்கும் ஒப்பமிட வேண்டுமே.

பதில் குரல் பதிவாக வந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தான், கார்டு இருக்கு. பர்சுலதான் வச்சிருக்கேன். அக்கா போனதுலேருந்து நான் அதப் போட்டுக் கேக்கல, முடியல. ஒங்க லெட்டரப் பாத்தேன். பாத்துட்டு என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன். அதக் காப்பி போட்டு அனுப்பச் சொல்லாதீங்க. நெட்டுல அனுப்ப எனக்கு மனசில்ல. தைக்கு லீவு போட்டிருக்கேன். நானே கையில கொண்டாரேன். ரெண்டு பேருமா ஒக்காந்து கேப்போம். நான் வர்ற வரைக்கும் இருங்க அத்தான். இந்தத் தடவ பொறுத்திருங்க."

மூன்று முறை கேட்டேன். பிறகு பதிவேட்டை எடுத்து, கார்டு எண் ஒன்றுக்கு நேராக, குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: பதில் வரப்பெற்ற நாள், ஆவணி இருபத்தேழு.