முயல் வீட்டுக்குள் வந்த பேய்க்கணவாய்

ஓடிப்போனாளாம் தூத்தா, ஓடி! இந்தப் பேச்சை நுன்ஸியாத்தா தன் ரொட்டிக் கடையில் வைத்து இன்னொரு தடவை பேசினால், இனிமேல் நான் கீழ்த்தெருக் கடையில்தான் ரொட்டி வாங்குவேன். அந்த ரொட்டியில் சுவர் கட்டலாம் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அங்கேதான் போவேன்.

நேற்றுக்கூடக் கடையில் நாலு பேர் நிற்கும்போது ஆரம்பித்தாள்.

"அறுபது வயசு தாண்டின பொம்பள ஒரு சட்டி கணவாய்க்காக வீட்ட விட்டுப் போவாளா? ஆளு இருக்கான். மீசக்காரன். ஃபோரியோ ஊர்க்காரன்."

"நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாக்கணுமா என்ன? மோந்தாலே தெரியும்."

"உனக்கு மூக்கு நீளம்னு ஊருக்கே தெரியும். அவ அண்ணன் தம்பிக்கு நாக்கு எவ்ளோ நீளம்னு உனக்குத் தெரியுமா?"

"அந்த ரெண்டு அப்பாவிகளையும் ஏன் இழுக்குற? கஞ்சிக்கு வழியில்லாம கெடக்குதுங்க."

"கெடக்கட்டும்! கையி கால் இருக்குல்ல?"

ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன். ராத்திரி சூப்பை வெறுமனே குடித்தேன். அது வேறு கதை. தூத்தாவைப் பற்றி ஒருவர் பேச வேண்டுமென்றால் அது நான்தான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் வீட்டில் பூண்டு வதக்கினால் என் வீட்டில் தும்முவேன்.

முழுப்பெயர் ரெஸ்தித்தூத்தா. எங்கள் தீவுக்குப் படகில் மிதந்து வந்து சேர்ந்த புனிதையின் பெயர். கடலில் வந்தவளின் பெயரை வைத்துவிட்டு, ஒரு மீனைக்கூடக் கண்ணில் காட்டாமல் அந்தப் பெண்ணை வளர்த்தார்கள். மலைமேல் இருக்கிற தெஸ்தாச்சோ ஊர்க்காரர்கள் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். தீவில் இருக்கிறோம், கடலைப் பார்த்துக்கொண்டே துணி காயப்போடுகிறோம், ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொள்வோம். மேலே திராட்சை, பின்கட்டில் குழி வெட்டி வளர்க்கிற முயல், அவ்வளவுதான் எங்கள் உலகம். மீன் கீழே இருக்கிறவர்களுக்கும், சுடுதண்ணீரில் ஊற வருகிற ஜெர்மன்காரர்களுக்கும்.

தூத்தாவின் அண்ணன் அனியெல்லோ இதிலும் ஒரு படி மேலே. "கண்ண மூடத் தெரியாதத நான் திங்கமாட்டேன்" என்பான். மீனுக்கு இமை இல்லையாம். தம்பி பியாஜோவுக்கு என்று தனியாக ஒரு கருத்து கிடையாது. அண்ணனுடையதையே வாங்கிப் போட்டுக்கொள்வான், சட்டையைப் போல.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அனியெல்லோ, தங்கச்சி மாதிரி முயல் சமைக்கிற பெண் வேண்டும் என்று தேடினான். கிடைக்கவில்லை. பியாஜோ, அண்ணனுக்கு முடியட்டும் என்று காத்திருந்தான். அப்படியே தலை வழுக்கையாகிவிட்டது. தூத்தாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் காலையில் மலையிறங்கிக் கீழே குளியல் ஓட்டலுக்குப் போவாள், துணி துவைக்க. வெளியூர்க்காரர்கள் சூடான சேற்றைப் பூசிக்கொண்டு மணிக்கணக்கில் படுப்பார்கள். முட்டிவலி போகுமாம். அந்தச் சேறு அப்பின விரிப்பும் துண்டும் தூத்தா கைக்கு வரும். அடித்துத் துவைத்துத் துவைத்து அவள் முட்டி போனது. அந்த ஓட்டல் சுடுதண்ணீரில் ஒரு நாள் அவள் கால் நனைத்ததில்லை. சாயங்காலம் மலையேறி வந்து அடுப்பை மூட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை முயல். பூண்டு, தக்காளி, வெள்ளை வைன், மலையில் பறித்த வாசனைத் தழை. அந்த வாசனைக்கு நானே சுவரோடு சுவராக நின்றிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஈரல் அனியெல்லோவுக்கு. தொடை ஆளுக்கு ஒன்று, அண்ணனுக்கும் தம்பிக்கும். தலையும் கழுத்தும் தூத்தாவுக்கு. அவள் உட்காரும்போது மற்ற இரண்டு பேரும் பல் குத்திக்கொண்டிருப்பார்கள்.

வினை ஈஸ்டர் திங்களன்று வந்தது. அன்றைக்குத் தீவே மரோந்திக் கடற்கரைக்கு இறங்கிவிடும். அவர்கள் மூன்று பேரோடு நானும் போயிருந்தேன். அங்கே ஒரு பக்கம் மணலுக்குள்ளிருந்து ஆவி வரும், காலை வைக்க முடியாது. சட்டியை அலுமினியத் தாளில் நன்றாகச் சுற்றி அந்த மணலில் புதைத்துவிட்டுச் சீட்டாடப் போனால், திரும்பி வரும்போது சாப்பாடு தயார். புதைத்த இடத்துக்கு மட்டும் ஏதாவது அடையாளம் வைக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

பியாஜோவுக்கும் தெரியும். முயல் சட்டியைப் புதைத்ததும் ஒரு குச்சியை நட்டு அதன் மேல் தன் தொப்பியை மாட்டினான். கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறி வழுக்கை சுட்டது. போய்த் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். தொப்பி இல்லாத குச்சி எதற்கு என்று அதையும் பிடுங்கி எறிந்தான்.

"அடையாளம் எங்கடா?" என்று தூத்தா கேட்டாள்.

"அதான் எனக்கு எடம் தெரியுமே."

அவனுக்குத் தெரிந்த இடத்தில் தோண்டினார்கள். சட்டி வந்தது. தாளைப் பிரித்தார்கள். உள்ளே எட்டுக் கையையும் சுருட்டிக்கொண்டு, கத்திரிப்பூ நிறத்தில், உருளைக்கிழங்குக்கு நடுவே ஒரு பேய்க்கணவாய் உட்கார்ந்திருந்தது. பியாஜோ பின்னால் துள்ளி என் காலை மிதித்தான். அனியெல்லோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

பக்கத்திலேயே ஒரு குடையடியில், மீசையெல்லாம் குழம்பாக, கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆள் முயல் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! அது எங்க முயலு!" என்றான் அனியெல்லோ.

"அப்படியா? அப்ப அது என் கணவாய்."

"என்னன்னு பாக்காமலா தின்ன?"

"பாத்துட்டுத்தான் தின்னேன். பாக்கலேன்னா விட்டிருப்பேன்." விரலை நக்கிக்கொண்டான். "யாரு சமைச்சது இத?"

"எங்க வீட்டுச் சமையல்" என்றான் பியாஜோ, பெருமையாக.

"வீடா சமைச்சுது?"

இரண்டு பேரும் தூத்தாவைத் தேடினார்கள். திரும்பிப் பார்த்தால் தூத்தா மணலில் உட்கார்ந்து, சட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பசியில் ஒரு துண்டு எடுத்திருக்கிறாள். இப்போது மூன்றாவது கையில் இருந்தாள், கணவாயின் கையில்.

"தூத்தா! துப்பு!" என்று அனியெல்லோ கத்தினான்.

அவள் துப்பவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சட்டியில் தோய்த்தாள். அந்த முகத்தை அவளுடைய முதல் நற்கருணை அன்றைக்குக்கூட நான் பார்த்ததில்லை. இதைப் பங்குச்சாமியிடம் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம்.

"எலுமிச்ச பிழிஞ்சீங்களா இதுல?" என்று அந்த ஆளைக் கேட்டாள்.

"மொதல்ல சாப்பிடுங்கம்மா, ஆறிடப் போவுது. அப்புறம் எல்லாம் சொல்றேன்."

ஆறிவிடும், முதலில் சாப்பிடு என்று தூத்தாவிடம் ஒரு மனிதர் சொன்னது அன்றைக்குத்தான். அவள் கொஞ்ச நேரம் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். பிறகு சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவன் பெயர் வீத்தோ. மனைவியை இழந்தவன். ஃபோரியோவில் கடலை ஒட்டி நாலைந்து மேஜை போட்டுச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். பக்கத்திலேயே பாறைக்கு நடுவில் சுடுதண்ணீர்க் குட்டை. சட்டியைத் திருப்பி வாங்கும்போது சொன்னான்: "ஒரு நாள் வாங்க. வந்து உக்காருங்க, நான் கொண்டாந்து வைக்கிறேன். அடுப்படிப் பக்கம் மட்டும் நீங்க வரக் கூடாது." மீசை நன்றாகத்தான் இருந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் தூத்தா பார்த்துக்கொண்டிருந்தது சட்டியை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோரியோவுக்குப் போக வேண்டும், உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும். ஃபோரியோ என்ன அமெரிக்காவா? பஸ் ஏறினால் தீவின் அந்தப் பக்கம். ஆனால் அவள் சனிக்கிழமை இராத்திரி வாயைத் திறந்தால், விடியும்போது அனியெல்லோவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அடுத்த வாரம் பியாஜோவுக்கு மாரடைப்பு. குழம்பு கொதிக்கிற வாசனை வந்ததும் மாரடைப்பு இறங்கிவிடும், தட்டை எடுத்துக்கொண்டு வருவான். அதற்கடுத்த வாரம் மறுபடி இடுப்பு. மருத்துவம் படித்தவர்களுக்கே பிடிபடாத நோய்கள்.

"போயேன்டி" என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னேன்.

"அவனுங்க என்ன சாப்பிடுவானுங்கக்கா?"

"புல்ல திங்கட்டும். முயலு திங்கலையா?"

சிரித்தாள். ஆனால் போகவில்லை.

கோடை முடிகிற சமயம் அவளே வேறு வழி பார்த்தாள். வெள்ளிக்கிழமை மூன்று சக்கர வண்டியில் மீன்காரன் எங்கள் தெரு வழியாக மேலே போவான். எங்கள் தெருவில் அவன் நின்றதே இல்லை. தூத்தா கை காட்டினாள். பிரேக் போட்ட சத்தத்துக்கே ஜன்னல்களெல்லாம் திறந்தன. அவள் நிதானமாகப் பார்த்து ஒரு பேய்க்கணவாய் வாங்கி, எல்லாரும் பார்க்க உள்ளே கொண்டுபோனாள். அந்த இரண்டு பேருக்கும் தனியாக அவரையும் பாஸ்தாவும் செய்து வைத்திருந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

அவர்கள் தோட்டத்திலிருந்து வந்தார்கள். வாசலிலேயே மூக்கைப் பிடித்தார்கள்.

"என்ன நாத்தம் இது?"

"எனக்கு மட்டும்தான். ஒரு தட்டு."

"எங்க சாப்பாட்டுல உனக்கு என்ன கொற?"

"கொறன்னு சொன்னேனா அண்ணே?"

அனியெல்லோ தம்பியைப் பார்த்தான். பியாஜோ சட்டியைத் தூக்கிக் கொதிக்கக் கொதிக்க ஜன்னல் வழியாக எறிந்தான். அவரைப் பாத்தியில் விழுந்தது. எங்கள் தெருப் பூனைகளுக்கு அன்றைக்குத்தான் கிறிஸ்துமஸ்.

தூத்தா வெளியே வந்து சட்டியைத் தேடி எடுத்தாள். என் கொல்லைக் குழாயில்தான் கழுவினாள். உள்ளே போனாள். பிறகு அவள் பேசியதைச் சுவர் வழியாக நான் கேட்டேன். காதை வைத்துத்தான் கேட்டேன், சரி, இருக்கட்டும்.

"அண்ணே, எனக்கு முயலு பிடிக்காது."

அவர்கள் சிரித்தார்கள். "பிடிக்காமயா இவ்ளோ ருசியா செய்வ?"

"எப்பவும் தலையும் கழுத்தும்தான எடுத்துக்கிட்டேன். ஏன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

"எங்க மேல உள்ள பாசத்துல" என்றான் பியாஜோ.

அதற்குமேல் தட்டில் கரண்டி படுகிற ஓசைதான். அவரையையும் பாஸ்தாவையும் அவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து தெரு நிறைய ஆள். நான் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தூத்தா கதவைத் திறந்தாள். நீலக் கோட்டு, நல்ல செருப்பு. ஒரு கையில் பை, இன்னொரு கையில் காதைப் பிடித்தபடி ஒரு முயல், உயிரோடு. பின்னாலேயே வந்த அனியெல்லோவின் கையில் அதைக் கொடுத்தாள்.

"இந்தாண்ணே. இன்னிக்கு நீங்க."

"எங்க போற?"

"சாப்பிட."

"யாரு வீட்டுக்கு?"

"வீட்டுக்கு இல்ல. மேசையில உக்காந்து."

நுன்ஸியாத்தா மாவு ஒட்டின கையோடு கடையிலிருந்து வெளியே வந்தாள். அந்த அழகில்தான் இன்றைக்கு 'மோந்தேன்' என்கிறாள். எல்லாவற்றையும் நேரிலேயே பார்த்தவள்.

"பை ஏன்டி இவ்ளோ கனமா இருக்கு?" என்று நான் கேட்டேன்.

தூத்தா குனிந்து என் காதில் சொன்னாள்: "குளிக்கிற உடுப்புக்கா. துண்டும் வச்சிருக்கேன். வேற யாராச்சும் தொவைக்கட்டும்."

அவள் போய் ஃபோரியோவில் தனி அறை எடுத்துக்கொண்டதும், சாவி அவளிடமே இருப்பதும், வீத்தோ தினமும் மீசையைச் சீவிக்கொண்டு அவள் மேஜையைத் துடைப்பதும் பிற்பாடு நடந்த சங்கதி. அன்றைக்கு அவள் சாப்பிடத்தான் போனாள். நான் சாட்சி.

தெருமுனை வரை நடந்தாள். பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அப்போது அனியெல்லோ வாசலிலிருந்து கூப்பிட்டான், முயல் காலை உதறிக்கொண்டிருந்தது:

"தூத்தா! வைன் எப்ப ஊத்தணும்? தக்காளிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் நின்றுவிட்டாள். என் கையில் பட்டாணி அப்படியே நின்றது. அந்த வீட்டில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் அவள் இருந்ததே இல்லை. வைன் எங்கே, சாக்ஸ் எங்கே, உப்பு எங்கே. முன்னாடி என்று ஒரு வார்த்தை சொல்லத் திரும்பினாள் என்றால், அளவு சொல்ல வருவாள், அடுப்பைப் பார்க்க வருவாள், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். எனக்கே நாக்கு நமைத்தது. நான் சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"தூத்தா! உன்னத்தான்!"

தூத்தா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பஸ் வந்து நின்றது. ஏறினாள். உள்ளே இரண்டு பக்கமும் பார்த்தாள், கடல் தெரிகிற பக்கமாக ஒரு ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்தாள்.