சஹனைச் சுற்றி

யுத்தம் முடிந்த வருடம் கல்முனைக்குடியில் ஒரு விருந்துக்குப் போனேன். நான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவன். அந்த வீட்டு மகள் றிஸ்னா என்னிடம் சுகமானவள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு. பாயின் நடுவே சஹனை வைத்தார்கள். எல்லோரும் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டு உண்ணும் பெரிய தட்டு அது. நெய்ச்சோறு மணத்தது. நான் கையை நீட்டிவிட்டேன். வேறு ஒருவரும் நீட்டவில்லை.

"டொக்டர், நான் இதில தின்னலாமா?" என்று கேட்டாள் றிஸ்னா.

கிருமி தொற்றும், இவளுக்குத் தனித்தட்டு என்று சிகிச்சை நாட்களில் கண்டிப்பாகச் சொன்னவன் நான்தான். சிகிச்சை முடிந்தும் அந்தத் தடையை எடுக்க மறந்திருந்தேன்.

"புள்ளைக்கு மனம் நோகும் எண்டு நாங்களும் தனித்தனிப் பீங்கான்லதான் திண்டம்," என்றார் உம்மா. "மகள் சொல்றா, கிளினிக்கில கேட்டா நீங்க வேணாம் எண்டுருவீங்களாம். சஹன வெச்சித்தான் கேட்கோணுமாம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "ஓம் மகள், தாராளமாத் தின்னுங்க!"

வாப்பா பிஸ்மி சொல்லி விருந்தைத் தொடங்கிவைத்தார். றிஸ்னா எல்லோரையும் முந்திக்கொண்டு, என் பக்கமிருந்த பெரிய கோழித்துண்டை எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். அவள் சுகமாகிவிட்டாள் என்று என் மனம் நம்பியது, அந்தத் துண்டு பறிபோனபோதுதான்.