கொடியில் காய்ந்த பெருநாள் சாரன்

பிள்ளைக்குக் கட்டிவிடுகிற டயப்பரை எந்தக் கொம்பனி செய்தாலும் எங்கள் ஊரில் அதற்குப் பேர் பேம்பஸ்தான். கடையில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேம்பஸா என்று திருப்பிக் கேட்பார். மகள் பிறந்த வருடம் அந்தச் சொல் எங்கள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை என்பது வேறு கதை.

முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பாமார் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேருவார். என் வாப்பாவும் பெரிய வீட்டை என் பெயரில் எழுத வைத்துவிட்டு, அதே வளவில் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு உம்மாவோடு அங்கே போனார். ஆகவே என் கணவர் படுக்கும் கட்டில் வாப்பா வாங்கியது, அவர் இருக்கும் கதிரை வாப்பா வாங்கியது, அவருடைய தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும் வாப்பா வாங்கியது. கணவர் பிரிட்ஜ் திருத்துகிறவர். கெட்டிக்காரர். வாய் குறைவு, ரோஷம் கூட. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீடு உன்ட வாப்பாட. அதுல எனக்கு ஒரு கதையும் இல்ல. புள்ளைட செலவு மட்டும் என்ட. அதுல ஆரும் கை வைக்கப்படா."

நான் ஓம் என்றேன். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்தேன். வாப்பாவை நான் கணக்கில் எடுக்கவில்லை.

வாப்பா நெல் வேளாண்மைக்காரர். சொறிக்கல்முனைப் பக்கம் இருக்கிற வயலுக்குக் காலையில் மோட்டார் சைக்கிளில் போய் மத்தியானம் திரும்புவார். முன்பெல்லாம் திரும்பும்போது ஹேண்டிலில் மீனோ கீரையோ தொங்கும். பேத்தி பிறந்த பிறகு பேம்பஸ் பார்சல் தொங்க ஆரம்பித்தது. அதுவும் கடையில் இருப்பதிலேயே பெரிய பார்சல். பள்ளிவாசல் சந்தியிலிருந்து எங்கள் வாசல் வரை ஊரே பார்க்க அது ஆடிக்கொண்டு வரும். வாப்பாவுக்கு மனதில் ஒரு கள்ளமும் இல்லை, முழுக்கப் பாசம்தான். ஆனால் அந்தப் பார்சல் வாசலுக்கு வரும்போதெல்லாம் என் கணவரின் முகம் கறுத்துவிடும்.

வாய் திறந்து சொல்லவும் மாட்டார். மாமாவும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது எங்கள் பக்கம் குறைவு, அதை மரியாதை என்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி நான். வாப்பா முற்றத்தில் நின்றுகொண்டு, தண்ணி மோட்டர் சத்தம் போடுகிறதாம், மருமகனிடம் சொல்லு என்பார். மருமகன் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழும்புவார். ஆரம்பத்தில் நானும் ஒழுங்காக நடந்துபோய்ச் சொன்னேன். பிறகு பொறுமை போய்விட்டது. இருந்த இடத்திலிருந்தே, கேட்டுதா என்று மட்டும் கேட்பேன்.

பேம்பஸ் விஷயத்தில் தபாலும் வேலை செய்யவில்லை. வாங்க வேண்டாம் வாப்பா, அவர் வாங்குகிறார் என்றால், அவர் வாங்குவதை அவர் வாங்கட்டும், நான் என் பேத்திக்கு வாங்குகிறேன் என்பார். கணவர் அந்தப் பார்சல்களைத் தொட மாட்டார். தான் வாங்கியதைத்தான் கட்டச் சொல்வார். வாப்பாவின் பார்சல்கள் அலுமாரிக்கு மேலே அடுக்கில் ஏறும். பிள்ளை ஊதி வளர, அவை சின்னதாகிவிடும். கடைசியில் அடுத்த வளவுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன். அந்தப் பிள்ளை எங்கள் வீட்டு ரோஷத்தின் புண்ணியத்தில் நனையாத உடம்போடு வளர்ந்தது.

அப்போதுதான் டொலர் ஏறியது. பால்மா ஏறியது, கேஸ் ஏறியது, பேம்பஸ் எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் பார்சல் அதேதான், விலை வேறு. மின்சாரம் வெட்டி வெட்டி விட்டதில் ஊரில் பிரிட்ஜுகள் பழுதானதென்னவோ உண்மைதான். ஆனால் திருத்தக் கொடுக்க ஆட்களிடம் காசில்லை. கணவர் பேம்பஸை மட்டும் குறைக்கவில்லை. குறைந்தது எது என்று எனக்குச் சில நாள் விளங்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, நின்றபடியே பானையை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பகல் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் காசில் பேம்பஸ் வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபம் அந்த ரப்புக்குத்தான் தெரியும். மூத்திரம் பிடித்து எறிகிற சாமானுக்காக ஒரு மனிதன் பட்டினி கிடப்பதா? அன்றைக்கே அலுமாரியைக் கவிழ்த்தேன். அவர் இடுப்பில் கட்டுகிற பழைய சாரன்களை எடுத்து, மூட்டிய தையலைப் பிரித்து, விரித்துப் போட்டு, சதுரம் சதுரமாக வெட்டினேன். வீட்டுக்குள்ளே துணி நெப்பி, வெளியே போனால் மட்டும் பேம்பஸ். இதுதான் இனிச் சட்டம் என்றேன். நான் சத்தம் போட்டால் அவர் வாய் திறப்பதில்லை, அது அவரிடம் இருக்கிற நல்ல குணம்.

சட்டம் போடுவது லேசு, முடிச்சுப் போடுவதுதான் கஷ்டம் என்று பிறகு தெரிந்தது. நான் கட்டிய முதல் நெப்பி பிள்ளையின் இடுப்பில் நிற்கவேயில்லை. பிள்ளை காலை உதைத்தால் நெப்பி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். கணவர் சில நாள் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு பிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டையை வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, ஒரு அளவு அட்டை செய்தார். அதை வைத்து வெட்டினால் முக்கோணமாக மடிக்கும்போது நடுவில் தடிப்பாக வரும், தொடையில் இறுக்காது. கம்ப்ரஸர் கழற்றுகிற கையால் அவர் நெப்பி கட்டுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை அவருக்கு மட்டும்தான் அசையாமல் கிடக்கும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அது நல்ல காலம். கொடிக் கயிறு நிறையக் கட்டம் போட்ட நெப்பிகள் கடல் காற்றில் படபடக்கும். பழைய சாரன் துணிக்கு நிகரில்லை. துவைக்கத் துவைக்க மெதுவாகும், எங்கள் வெயிலுக்குச் சட்டென்று காயும். பேம்பஸைப் பார்சலாக வாங்குவதை விட்டு, சின்னக் கடைகளில் ஒன்றிரண்டாகப் பிரித்து வாங்கினோம். கிளினிக்குக்கு ஒன்று, கலியாண வீட்டுக்கு ஒன்று. அதைக் கட்டுவதற்கு முன் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, சீ சீ என்று சத்தம் காட்டி, மூத்திரம் போக வைத்துவிட்டுத்தான் கட்டுவோம். பேம்பஸ் கட்டிய உடனே பிள்ளை நனைத்துவிட்டால் இரண்டு பேரும் சொத்துப் பறிபோன மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம், பிறகு சிரிப்போம். தொழுகைக்கென்று கணவர் ஒரு சாரனை ஆணியில் தனியாக மாட்டி வைத்திருந்தார். அவர் கை கால் கழுவி ஒளு எடுத்துவிட்டு அதைக் கட்டினால் போதும், மகள் எங்கிருந்தாலும் தவழ்ந்து வந்து மடியில் ஏறி நனைத்துவிடுவாள். அவர் மறுபடி குளிக்கப் போவார். நான் அடுப்படியில் நின்று சிரிப்பேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு சிரித்ததில்லை. பகல் சாப்பாடும் திரும்பி வந்தது.

வாப்பாவின் பார்சல் மட்டும் நிற்கவில்லை. கொடியில் நெப்பிகளைப் பார்த்த பிறகு அவருக்குக் கவலை கூடிவிட்டது, பேத்தி கந்தலில் கிடக்கிறாள் என்று. விலை ஏறிய பேம்பஸ் ஹேண்டிலில் ஆடிக்கொண்டு வரும்போது கணவர் உள்ளே போய்விடுவார்.

இந்த நிலவரத்தில் நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு மருமகனுக்குச் சாரன் எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். முந்திய வருடமும் வாப்பா மருதமுனையில் நல்ல தறிச் சாரன் ஒன்று எடுத்து, மூட்டிக் கொடுத்திருந்தார். கணவர் இரண்டு கையாலும் வாங்கி, சலாம் சொல்லி, கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார். அதன் பிறகு அது வெளியே வரவேயில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், ரோஷம்தான். வாப்பா வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். புதுச் சாரனில் கஞ்சி மொரமொரவென்று இருக்கிறது, மருமகனுக்கு அது குத்துகிறது, அதனால்தான் கட்டவில்லை என்பது அவருடைய முடிவு. ஆகவே இந்த வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் தானே சாரனை ஊறப்போட்டு, அலசி, மறுபடி ஊறப்போட்டு, கஞ்சியெல்லாம் போக்கி, எங்கள் கொடியில் காயப்போட்டுவிட்டு வயலுக்குப் போயிருக்கிறார். காய்ந்த பிறகு தையல் கடையில் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டக் கொடுக்கலாம் என்று எண்ணம். கடையில் எடுக்கிற சாரன் மூட்டாமல்தானே வரும்.

அதே நாள் காலையில் நான் கணவரிடம், நெப்பிகள் சின்னதாகிவிட்டன, துணி துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், காய்ந்தால் பெரிய அளவில் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனேன். நான் சொன்னது ஒரு பழைய பெட்சீட்டை. அவர் கொடியைப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் பெட்சீட். மறு பக்கம், அவர் கண்ணுக்கு, மூட்டுப் பிரித்த பழைய சாரன், மெதுவானது, நாங்கள் எப்போதும் வெட்டுகிற அதே ஜாதி. எதை எடுப்பார்?

நான் திரும்பி வரும்போது வாப்பாவின் மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது. ஹேண்டிலில் வழக்கம்போல் பார்சல். வாப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். காலையில் அவர் போட்ட இடத்திலேயே அவருடைய நீலக் கட்டச் சாரன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, சதுரம் சதுரமாக. வெட்டியதை ஒருமுறை அலசியும் போட்டிருந்தார் மருமகன். அவ்வளவு சுத்தம்.

வாப்பா ஒரு சதுரத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். பிறகு, இது மருமகனுக்கு எடுத்த பெருநாள் சாரன் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவருக்கும் கேட்டுவிட்டது. மாமா கொடுத்த சாரனை ஒரு வருடமாகக் கட்டாதவர் இப்போது புதியதையும் தன் கையாலேயே வெட்டி வைத்திருக்கிறார், அதுவும் வேண்டுமென்று செய்ததாக மாமா நினைத்துவிட்டால் இந்த வீட்டில் அவர் எப்படி இருப்பார்? பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று நான் உண்மையிலேயே பயந்தேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தபாலுக்குத்தான்.

"நான் இனி ஆரிட கதையையும் அங்கயும் இங்கயும் காவமாட்டன்," என்றேன். "ரெண்டு பேருக்கும் வாய் இரிக்கி. நேரா கதைங்க."

கணவர் பிள்ளையோடு வாசலைவிட்டு இறங்கி வந்தார்.

"மாமா, எனக்குத் தெரியா. பழைய துணியெண்டு நெனச்சித்தான் வெட்டின. புள்ளைக்கு நானே செய்யணுமெண்டு ஒரு ஆசை, அவ்வளவுதான். வேற ஒண்டும் மனசுல இல்ல."

வாப்பா அவரையும், அளவு பார்த்து வெட்டிய அந்தச் சதுரங்களையும், கையிலிருந்த பார்சலையும் மாறி மாறிப் பார்த்தார். பார்சலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்த வளவு உங்கட மாமிட சீதனம் மருமகன்," என்றார். "நானும் உடுப்புப் பையோட வந்தவன்தான். அது எனக்கு மறந்து பெய்த்து."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரிய வீடும் சின்ன வீடுமாக இந்த வளவில் இருக்கிற இரண்டு ஆம்பிளைகளும் மாப்பிள்ளையாக வந்தவர்கள் என்பது எனக்கே அதுவரை தோன்றவில்லை. கணவர் பிள்ளையை வாப்பாவின் கையில் கொடுத்தார். பிள்ளை உடனே நனைத்தது. வாப்பா கையை உதறவில்லை. கொடியிலிருந்து ஒரு நீலச் சதுரத்தை உருவி, இதை எப்படி மடிக்கிறது என்று மருமகனிடமே கேட்டார். அந்தப் பார்சலை மறுநாள் அவரே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹேண்டிலில் மீனோடு வந்தார்.

பெருநாள் காலை. பெருநாள் தொழுகை நடக்கும் கடற்கரைத் திடலிலிருந்து தக்பீர் முழக்கம் கேட்கத் தொடங்கிவிட்டது. மகளுக்குப் புதுச் சட்டை, அதற்கு உள்ளே அவளுடைய வாப்பா வாங்கி வைத்திருந்த ஒற்றைப் பேம்பஸ். நான் அபாயாவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், கணவர் முற்றத்தில் நிற்கிறார், போன வருடத்துச் சாரனைக் கட்டிக்கொண்டு. அலுமாரியில் ஒரு வருடம் மடிந்து கிடந்த கோடு ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. கஞ்சி கலையாத சாரன் காலடிக்குக் காலடி சரசரவென்று சத்தம் போட்டது.

வாப்பா பின்வீட்டிலிருந்து வந்தார். பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கஞ்சி போகல்ல மருமகன். ஒருக்கா ஊறப்போட்டிருக்கணும்."

"ஊறப்போட்டா கொடியில காயப்போடணுமே மாமா," என்றார் என் கணவர். "அதான் பயம்."

வாப்பா சிரித்த சிரிப்பில் கணவரின் தோளில் இருந்த மகள் திடுக்கிட்டு, பிறகு தானும் சிரித்தாள். இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே திடலை நோக்கி முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். என்னிடம் ஒருவரும் ஒரு தபாலும் சொல்லிவிடவில்லை.