பச்சையில் உறுதி, சிவப்பில் ரத்து

சாவகச்சேரியில் ஒரு தனியார் கண் வைத்திய நிலையத்துக்கு முன்பதிவுப் பக்கத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அங்கே வேலை செய்யும் அக்கா போனில் கூப்பிட்டா. "பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போறீரே?"

போனேன். புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஓர் அம்மா கணவனைக் கூட்டி வந்திருந்தா. அவருக்குக் கண்ணில் புரை. வைத்தியர் அன்று வரவில்லை; முதல்நாளே முன்பதிவுகளை ரத்துச் செய்தாயிற்று.

"உறுதி எண்டுதானே பிள்ளை கிடந்தது," என்றா அந்த அம்மா.

அவ நீட்டிய போனை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்கள் எங்கையோ பிழையா அமத்தியிருப்பியள்," என்றேன். இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"ஓம் பிள்ளை, எனக்கு உதுகள் விளங்காது." போனைக் கைப்பைக்குள் வைத்தா. கணவன் அவவின் கையைப் பிடிக்காமல், சுவரைத் தடவிக்கொண்டு தனியே வெளியே போனார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்பைத் திறந்தேன். ஒரு முன்பதிவு காத்திருக்கலாம், உறுதியாகலாம், ரத்தாகலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். நானோ மூன்றுக்கும் மதிப்பைத் தாங்கும் தனித்தனி 'மாறி' வைத்து, ஒவ்வொன்றிலும் உண்மை அல்லது பொய் என்று போட்டிருந்தேன். முதல்நாள் ரத்துச் செய்தபோது ரத்து உண்மையானது. உறுதியைப் பொய்யாக்க மறந்திருந்தேன். அதனால் திரையில் மேலே பச்சையில் உறுதி. கீழே, உருட்டிப் போனால் மட்டும் தெரிகிறமாதிரி, சிவப்பில் ரத்து.

மூன்றையும் அழித்து 'நிலை' என்று ஒரே மாறி வைத்தேன். அதில் ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் இருக்கும். அரைமணித்தியால வேலை. அந்த அம்மாவைப் போனில் கூப்பிடத்தான் மூன்று நாள் எடுத்தது. அக்காவிடம்கூட "சரியாக்கிப்போட்டன்" என்றேனே தவிர, யாருடைய பிழை என்று சொல்லவில்லை.

"அம்மா, நீங்கள் சரியாத்தான் அமத்தினீங்கள். பிழை என்ரை."

"அண்டைக்கு வழி நெடுக அவர் என்னை ஏசினவர் பிள்ளை. இதை அவருக்கும் ஒருக்காச் சொல்லும்."

போன் கைமாறியது. முதலிலிருந்து சொன்னேன். பார்க்காமலே அவவில் பழி போட்டதையும் சொன்னேன்.

"ம்," என்றார். பிறகு, "டொக்டர் எப்ப வாறார்?"

என் திரையில் டொக்டர் வருவது அடுத்த செவ்வாய் உறுதி என்றிருந்தது. என் பக்கத்தை மட்டும் நம்பி அதை வாசிக்க வாய் வரவில்லை. "கேட்டிட்டுச் சொல்லுறன் ஐயா," என்று வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவவிடமும் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.