கம்பம் காற்றும் என் இருபத்தோரு அங்குல விண்ட்ஷீல்டும்

ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்குள் பைக்கில் போகாதே என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் காற்றுக்காகவே போனேன். போன ஆடியில் ஒரு சனிக்கிழமை. காரணம் என் மனைவி அமலா. இரண்டு வருடமாக என் டூரிங் பைக்கின் பின்சீட்டில் வந்தவள், திடீரென்று ஒருநாள், "எனக்குப் பயமா இருக்குங்க, இனிமே பஸ்ஸுல போவோம்" என்றாள். நாங்கள் விழுந்ததில்லை, எங்கும் உரசியதுகூட இல்லை. என்ன பயம் என்று கேட்டால், "காத்து" என்பாள், அவ்வளவுதான். அவள் உத்தமபாளையம் பக்கத்துக்காரி, இந்தக் காற்றில் வளர்ந்தவள். அவளே பயந்தால் நான் என்ன சொல்ல? இன்னும் ஒரே ஒரு தடவை வா, அதிலும் பயந்தால் பைக்கை விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

என் கணக்கு இதுதான்: பைக் வாங்கிய கையோடு ஆன்லைனில் வாங்கி ஹேண்டிலுக்கு முன்னால் மாட்டிய 21 அங்குல உயர விண்ட்ஷீல்டு (காற்றுத் தடுப்பு) போதவில்லை. இன்னும் உயரமாக மாட்டினால் காற்று அவளைத் தொடாது. கம்பத்தில் டூரிங் பைக்குகளுக்கு உதிரி மாட்டும் ஒரு பாயிடம் 24 அங்குலம் இருக்கிறது என்று நண்பர் சொல்லியிருந்தார். பதினோரு வீடியோ பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன், சும்மா இல்லை.

திண்டுக்கல்லில் காலை 5.40க்குக் கிளம்பி, தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாக 75 கிலோமீட்டர் ஓட்டித் தேனிக்கு 7.30க்கு வந்தோம். அங்கே இட்லி. அதுவரை காற்று சாதுவாகத்தான் இருந்தது. சின்னமனூருக்கு முன்னால் தென்னந்தோப்பு முடிந்து வெட்டவெளி வந்ததும் பக்கவாட்டில் விழுந்தது ஓர் அறை. 55 வேகத்தில் போய்க்கொண்டிருந்த பைக் நடுக்கோட்டுக்கே நகர்ந்துவிட்டது. எதிரில் லாரி. எப்படித் திருப்பினேன் என்று இப்போதும் தெரியவில்லை. அமலாவின் விரல்கள் என் விலாவில் பதிந்தன.

"கம்பத்துல என்னைய எறக்கி விட்ருங்க. நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்!" என்று காதருகே கத்தினாள்.

மீதி 20 கிலோமீட்டரையும் முப்பதில் உருட்டினேன். பைக்கை யாரிடம் விற்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

9.30க்கு பாய் கடை திறந்தார். ஐம்பது வயதிருக்கும். 24 அங்குலம் வேண்டும் என்றேன். அவர் அமலாவைப் பார்த்து, "பின்னாடி ஒக்காந்தா ஹெல்மெட்டு ஆடுதாம்மா?" என்றார்.

"லேசா ஆடும் பாய்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஒங்களக் கேக்கல சார். முன்னாடி ஒக்காந்தவுக எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாக."

சொல்லிக்கொண்டே நாலு ஸ்குரூவையும் கழற்றி விண்ட்ஷீல்டைக் கீழே வைத்துவிட்டார். "இப்படியே கூடலூர் ரோட்டுல மூணு கிலோமீட்டர் போயிட்டு வாங்க."

"இந்தக் காத்துலயா?"

"காத்து எங்கன அடிக்குதுன்னு தெரியாம நான் எதை மாட்டுறது? எல்லாருக்கும் இதான் மொத வேலை."

அமலா ஏறுவாளா என்பதே சந்தேகமாக இருந்தது. பாய் முகத்துக்காக ஏறினாள். போனோம். காற்று என் நெஞ்சில் மொத்தியது, ஆனால் பைக் பக்கவாட்டில் அவ்வளவாக நகரவில்லை. திரும்பி வந்ததும் அமலா ஹெல்மெட்டைக் கழற்றி, "ஆடல பாய்" என்றாள். அவளுக்கே ஆச்சரியம்.

பாய் விளக்கினார். என் உயரமான விண்ட்ஷீல்டு காற்றை என் தலைக்கு மேலே தூக்கி, நேராக அவள் தலையில் போட்டிருக்கிறது. பக்கக் காற்றுக்கு அதன் அகலம் பாய்மரமாகவும் இருந்திருக்கிறது. 24 மாட்டினால் இன்னும் மோசம். "இருக்கு, ஆனா ஒங்களுக்குத் தர மாட்டேன்" என்றார். 13 அங்குலத்தில் கறுப்புச் சாயமில்லாத ஒன்றை மாட்டினார். மாட்டுக்கூலியோடு 1,900 ரூபாய், ஒரு மணி நேரம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பு உங்கள் கண்ணுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். குமுளி மலையில் மழையிலும் பனியிலும் அதன் வழியாகப் பார்த்து ஓட்ட முடியாது. ஆடியில் தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே ஐம்பதைத் தாண்டாதீர்கள். தோப்பு முடியும் இடங்களில் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். எந்த விண்ட்ஷீல்டையும் தனியாக மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள்; பின்னால் உட்காருபவரையும் ஏற்றிப் போய், அவரிடம் கேளுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் திரும்பும் வழியில், 12.50க்கு, தேவதானப்பட்டி டீக்கடையில் நான் அமலாவிடம் ஒன்று கேட்டேன். "ரெண்டு வருஷமா எப்படித்தான் ஒக்காந்து வந்தே?"

"கண்ண மூடிக்குவேன். தலையப் பிடிச்சு யாரோ ஆட்டுற மாதிரி இருக்கும். பின்னாடி ஒக்காந்தா எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

"போன வருஷம் போடிமெட்டு மலை ஏறும்போதுமா?"

"அங்கனயுந்தான். வீட்டுக்கு வந்து நீங்க எழுதுறதப் படிச்சுத்தான் என்னென்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்."

இந்த வலைப்பூவில் எத்தனை இடத்தில் 'நாங்கள் பார்த்தோம்' என்று எழுதியிருக்கிறேன்! எனக்கு வெட்கமாகிவிட்டது.

அமலா கிளாஸை வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். "அடுத்த லீவுல மறுபடியும் போடிமெட்டு போவோங்க. நான் இன்னும் பாக்கலைல்ல?"