பிஷப்புக்கு இடம் உண்டா?

யுத்த பயத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டதால் சென்னையில் குடியிருக்க இடம் கிடைக்காத காலம் அது. மாம்பலத்தில் ஒரு டீச்சரம்மாவின் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. கணவரை இழந்தவர், லுத்தரன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். மாடிப்படி அவருடைய கூடத்துக்குள்ளேயே இறங்கும். எங்கே போவதானாலும் அவரைக் கடந்துதான் போகவேண்டும்.

வேலை மயிலாப்பூரில். தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் தயாரித்துக்கொண்டிருந்த சிறு அலுவலகத்தில் உதவி ஆசிரியன். யாருக்குத் தனிக் கட்டுரை, யாருக்கு ஒரு வரி, யாருக்கு அதுவும் இல்லை என்று பார்த்துத் தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். சமயப் பெரியவர்கள் என் பொறுப்பு. அப்படித்தான் காலமாகிப்போன ஒரு லுத்தரன் பிஷப் என்னிடம் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர். அவருடைய சபை வெளியிட்ட அறிக்கைகளை வீட்டுக்கு எடுத்து வந்து படித்தேன். எந்த ஊரில் எந்தக் கோயிலைக் கட்டினார், எங்கே அடிக்கல் நாட்டினார், அவ்வளவுதான். இதற்கு இடம் கொடுத்தால் கண்டிராக்டருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அறிக்கையின் அட்டையில் இருந்த படத்தை டீச்சரம்மா பார்த்துவிட்டார்.

"எங்க பிஷப் ஐயா! இவரை எதுக்குத் தம்பி படிக்கிறீங்க?"

சொன்னேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் படியிறங்கும்போது தையலிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் எனக்கு ஒரு தட்டில் கேக் வரும். வேண்டாமென்று சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பேசாமல் வேறு இடம் பார்த்துவிடலாம் என்று தேனாம்பேட்டையில் ஒரு தரகரைப் பிடித்தேன்.

"வூடு இன்னா கத்திரிக்காயா சார், கேட்டவொடனே குடுக்க? கீற எடத்துலயே குந்திக்கினு இரு சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் நானே பேச்சை எடுத்தேன். "அம்மா, கோயில் கட்டினதுக்காக மட்டும் எழுத முடியாது. அவர் வேற ஏதாவது செஞ்சிருக்காரா?"

அவர் ஊசியைத் துணியில் குத்தி மடியில் வைத்தார்.

"அப்போ அவர் பிஷப் ஆகலை. தஞ்சாவூர்ப் பக்கம் நான் தங்கிப் படிச்ச போர்டிங் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார். சாப்பாட்டுக்குச் சேரிப் பிள்ளைங்க வெளி வராந்தாவுல, நாங்க உள்ளே. ஒரு நாள் எல்லாருக்கும் ஒரே பந்திப்பாயா விரிக்கச் சொல்லிட்டார். அவ்வளவுதான், பெத்தவங்க வண்டி கட்டிக்கிட்டு வந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்கப்பாவும் வந்தார். நான் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னுட்டேன். பள்ளிக்கூடத்தை மூடுங்கன்னு மேலேயிருந்து சொன்னாங்க. அவர் மூடலை. மிச்சமிருந்த எங்களுக்காக நடத்தினார். எங்களோடவே உட்கார்ந்து சாப்பிட்டார்."

"இது அறிக்கையில இல்லையேம்மா."

"எப்படிப் போடுவாங்க? பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனவங்கதானே பின்னால சபையில பெரிய மனுஷங்க ஆனாங்க."

அன்றிரவு எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குக் கட்டுரை எழுதத்தான் வேண்டும். அடையாறு வரை போய் ஒரு நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. வெறுங்கையோடு தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"அச்சுல எங்கேயாவது வந்திருக்கா?"

"இல்லை. நேரில் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார்."

"யாரு?"

"நான் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீர் சொல்றதை நான் நம்பறேன் ஓய். ஆனா குடியிருக்கற ஆத்துக்காக எழுதினான்னுதானே நாளைக்கு ஊர்ல பேசிண்டு திரிவா?"

வேறு வீட்டில் குடியிருந்தால் டீச்சரம்மா சொன்னது சாட்சியாகியிருக்கும். ஆனால் வேறு வீட்டில் குடியிருந்தால் அது என் காதுக்கே எட்டியிருக்காது. கடைசியில், லுத்தரன் சபை பற்றிய பொதுக் கட்டுரையில் ஒரு வாக்கியம் சேர்க்க அனுமதி கிடைத்தது. சாதி பாராமல் மாணவர்களை ஒரே பந்தியில் அமர்த்தினார் என்பர்.

வீட்டுக்கு வந்து அதை டீச்சரம்மாவிடம் சொன்னேன்.

"'என்பர்'னா யார் தம்பி?"

"அச்சில் ஆதாரம் இல்லாததால் அப்படித்தான் எழுதணும்மா."

"நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. மாடியைக் காலி செய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். சொல்லவில்லை.

தானே அந்தச் சம்பவத்தை எழுதித் தன் சபைப் பத்திரிகைக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அது திரும்பி வந்தது.

"உங்க ஆபீஸ்ல அச்சுல இருக்கான்னு கேட்டாங்க. எங்க ஆளுங்க இதெல்லாம் அச்சுல எதுக்குன்னு கேக்கிறாங்க" என்றார்.

அவருக்கு எதிரே உட்கார்ந்து, திரும்பி வந்த தாள்களை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.